பிள்ளையை விட்டுச்செல்லும் இடம்: தென்னார்க்காட்டுக் கடற்கரையிலிருந்து ஒரு வரலாறு

வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை விட்டுச்சென்ற இடத்தில் அப்பிள்ளைக்கு அடிபட்டுவிட்டால், மறுநாளும் அங்கேயே விடுவதா, நிறுத்திவிடுவதா என்ற கேள்வி, அந்தந்தக் குடும்பம் தனக்குள் முடித்துக்கொள்ளும் விஷயமாகவே நெடுங்காலம் கருதப்பட்டுவந்துள்ளது. ஆயினும் தமிழகத்தில் பகல்நேரக் குழந்தைக் காப்பு வளர்ந்த வகையை நோக்கினால், அக்கேள்விக்கு ஒரு தாய் எந்த விடையைத் தேர்ந்துகொள்ள முடிந்தது என்பது அவளது பாசத்தையோ அச்சத்தையோ விட, அன்றைய கூலியையும், ஊரில் வேறு இடம் இருந்ததா என்பதையும், அடிபட்டதற்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவர் யாரேனும் இருந்தாரா என்பதையுமே சார்ந்திருந்தது என்பது புலப்படும்.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தின் வானூர் வட்டத்தில் அமைந்த பொம்மையார்பாளையம் போன்ற மீனவ ஊர்களில், ஆண்கள் கரைசேர்க்கும் மீனைக் கூடையில் சுமந்து சென்று விற்பது பெண்களின் வேலையாக இருந்தது. சற்று உள்ளே, திண்டிவனம் பக்கத்து மணிலா (நிலக்கடலை) கொல்லைகளிலும் நெல்வயல்களிலும், களையெடுக்கும் பெண் கைக்குழந்தையை வரப்போரத்து மரக்கிளையில் கட்டிய தூளியில் கிடத்திவிட்டு நிரையில் இறங்கினாள். நடக்கத் தொடங்கிய பிள்ளை பாட்டியிடமோ, பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயது அக்காவிடமோ விடப்பட்டது. தம்பியை இடுப்பில் சுமந்த அச்சிறுமியின் பள்ளிப்படிப்பே இந்தக் காப்புமுறைக்கு விலையாயிற்று. அடுப்பும் கிணறும் குளமும் சூழ்ந்த வீட்டில் பிள்ளைக்குக் காயம் பட்டால், திட்டும் அழுகையும் இருந்தனவேயன்றி, மறுநாள் பிள்ளையைக் கொண்டுவிட வேறு இடம் இல்லாமையால், தீர்மானம் என்ற ஒன்றுக்கே வழியிருக்கவில்லை.

பிள்ளைக் காப்பு முதன்முதலில் சட்டத்தின் கண்ணில் பட்டது ஆலைகளின் வழியாகத்தான். பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலைசெய்த தாய்மார், தாங்கள் திரும்பும்வரை குழந்தை அழாமல் உறங்குவதற்காக அபின் புகட்டிய வழக்கம் 1920களில் மருத்துவ அறிக்கைகளில் பதிவாயிற்று. 1931இல் அறிக்கை அளித்த இந்தியத் தொழிலாளர் அரச ஆணையமும் பெண்கள் மிகுதியாக வேலைசெய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. சுதந்திரத்துக்குப் பின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் தூய்மையும் உள்ள அறையை ஒதுக்கி, குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் அதை விடுவதை முதலாளியின் கடமையாக்கியது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அதே கடமையைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் விரித்தது. இலங்கையின் மலையகத் தமிழர் 'பிள்ளை மடுவம்' என்று அழைக்கும் தோட்டக் காப்பகமும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் இவ்விந்தியச் சட்டங்கள் ஒரே வாயிலுக்குள் வேலைசெய்யும் பெண்களின் எண்ணிக்கையைக் கொண்டே கடமையை வகுத்தன. மீன்கூடை சுமந்தவளுக்கும் களையெடுத்தவளுக்கும் வாயிலும் இல்லை, ஒரே முதலாளியும் இல்லை; ஆகவே அவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

அவர்களுக்கான இடம் வேறொரு வழியாக வந்தது. மராட்டியக் கடற்கரையின் போர்டியில் 1945இல் தாராபாய் மோடக் தொடங்கிய பால்வாடி, அதாவது கிராமத்துப் பிள்ளைகளுக்கான முன்பள்ளி, நாடெங்கும் முன்மாதிரியாயிற்று; பிள்ளைகளின் வீட்டு முற்றத்துக்கே ஆசிரியர் சென்று நடத்திய அங்கன்வாடியும் அவர் முயற்சியில் பிறந்ததே. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கியது. தமிழகத்தில் 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகிலுள்ள பாப்பாகுறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், பள்ளி வயதை எட்டாத கிராமத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டதால், குழந்தைகள் மையங்கள் பெருமளவில் பரவின. நண்பகல் சோறும், அதைச் சமைக்கும் ஆயாவும், பாட்டுச் சொல்லித்தரும் டீச்சரும் ஊருக்குள்ளேயே கிடைத்தபோது, இடுப்பில் தம்பியைச் சுமந்த சிறுமி பள்ளிக்குப் போக வழி திறந்தது. ஆயினும் உணவூட்டும் திட்டமாக வளர்ந்த மையம் தாயின் வேலைநேரத்தை அளவாகக் கொள்ளவில்லை. விடியற்காலையில் கரையில் நிற்கவேண்டிய மீன்காரிக்கு, மையம் திறக்கும் முன்னும் மூடிய பின்னும் பழைய ஏற்பாடே துணையாக இருந்தது.

பிள்ளைகள் நிறுவனத்தின் பொறுப்புக்குள் வந்தபின், காயம் பொதுக் கேள்வியாகத் தொடங்கியது. அதன் மிகக் கொடிய வடிவம் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருவிலிருந்த பள்ளி ஒன்றில் நிகழ்ந்தது. விறகடுப்பில் மதிய உணவு சமைத்த இடத்திலிருந்து பரவிய தீ, மாடியில் வேயப்பட்டிருந்த கீற்றுக்கூரையைப் பற்றி, குறுகிய படிக்கட்டுக்கு அப்பால் வெளியேற வழியற்ற 94 பிள்ளைகளைக் கொன்றது. பள்ளிகளில் கீற்றுக்கூரையை அகற்ற அரசு ஆணையிட்டது. இத்துயரை முன்வைத்துத் தொடரப்பட்ட வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கற்கும் உரிமையையும் உள்ளடக்கியது என்று தீர்ப்பளித்தது. அதுவரை பெற்றோர் பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று தனித்தனியே மட்டுமே கேட்க முடிந்தது. இனி, கட்டடம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கவும் அவர்களுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது.

அதன்பின் வந்த விதிகளும் இழப்புகளின் சுவடுகளைத் தாங்கியவையே. 2012 ஜூலையில் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்ததும், உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுக்க, பள்ளி வாகனங்களுக்கெனத் தமிழக அரசு அதே ஆண்டு தனி விதிகளை வகுத்தது. தனியார் மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கான ஒழுங்குமுறை 2015இல் வந்தது. 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் வேண்டும் என்று தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறி கூறுகிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, பிள்ளையைப் பேணும் பொறுப்பை ஏற்ற நிறுவனத்தை நடத்துபவரோ அதில் பணியாற்றுபவரோ வேண்டுமென்றே புறக்கணித்துத் துன்பம் விளைவித்தால் 5 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்க இடமளிக்கிறது. இத்தனைக்குப் பின்னும் 2025 ஜனவரி 3 அன்று விழுப்புரம் மாவட்டத்தின் விக்கிரவாண்டியில், தனியார் பள்ளி ஒன்றின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து மழலையர் வகுப்புச் சிறுமி உயிரிழந்தாள். விதி இருப்பதும் தொட்டியின் மூடி உறுதியாக இருப்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதை அம்மரணம் மாவட்டத்தின் ஒவ்வொரு பெற்றோருக்கும் உணர்த்தியது.

இந்த வரலாற்றின் வெளிச்சத்தில் பார்க்கும்போது, காயத்துக்குப் பின் பெற்றோர் எடைபோட வேண்டியவை தெளிவாகின்றன. ஓடும் பிள்ளை விழுந்து முழங்கால் சிராய்ப்பது எந்த வீட்டிலும் நிகழ்வது. அதற்காக நல்ல மையத்தைக் கைவிடத் தேவையில்லை. அடிபட்ட அன்றே ஆயாவோ டீச்சரோ தாமே முன்வந்து நடந்ததைச் சொன்னார்களா, அந்நேரம் எத்தனை பிள்ளைகளை எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சமையலிடம் பிள்ளைகள் இருக்கும் அறையிலிருந்து பிரிந்திருக்கிறதா, காயத்துக்குக் காரணமானது மறுவாரத்துக்குள் சரிசெய்யப்பட்டதா என்பவையே முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள். மறைத்த இடத்திலும், மாறாத இடத்திலும் பிள்ளையை விட்டுவைக்கக் கூடாது. அதே வேளையில், மதிப்பூதியத்தில் சமைத்து, பெருக்கி, பிள்ளைகளையும் பார்க்கும் ஒற்றைப் பெண்ணின் தலையில் பழி முழுவதையும் சுமத்திவிட்டு, ஆள்பற்றாக்குறையை அப்படியே விட்டுவைத்தால் அடுத்த பிள்ளைக்கும் அதே ஆபத்துதான் காத்திருக்கும். அங்கன்வாடிப் பணியாளர்கள் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியதைப் பிள்ளைகளின் பாதுகாப்போடும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிள்ளையை நிறுத்திவிடும் உரிமை, கொண்டுவிட இன்னொரு நல்ல இடம் இருக்கும்போதுதான் உண்மையான உரிமையாகிறது. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனத்தில் காப்பகம் கட்டாயம் என்றும், தாய் நாளொன்றுக்கு 4 முறை பிள்ளையைப் பார்த்துவரலாம் என்றும் கூறியது. அதே சலுகை மீன்கூடை சுமப்பவளுக்கும் நாற்று நடுபவளுக்கும் கிடைக்க வேண்டுமானால், அவர்களின் வேலைநேரத்துக்குத் திறந்திருக்கும், போதிய ஆட்கள் உள்ள மையங்களை அரசுதான் ஊர்தோறும் நடத்த வேண்டும். அதுவரை பொம்மையார்பாளையம் போன்ற ஊர்களின் தாய்மார், அடிபட்ட பிள்ளையை மறுநாளும் அதே இடத்தில் விடுவதை அவர்களது சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நியாயமாகாது.