சிலம்பில் வரும் முன்னறிவிப்புகளும் மாணவர் வினாவும்

அன்னவாசலிலிருந்து மேற்கே சென்றால் கொடும்பாளூரை அடையலாம். மூவர் கோயிலைக் காண வருவோர்க்கு அது இருக்குவேளிரின் தலைநகர். ஆனால், அதற்கும் முற்பட்ட பெருமை ஒன்று அவ்வூருக்கு உண்டு. உறையூரைக் கடந்து மதுரை நோக்கி நடந்த கோவலனுக்கும் கண்ணகிக்கும் கவுந்தியடிகளுக்கும் மாங்காட்டு மறையோன் வழி கூறுகிறான். மூன்று பாதைகள் பிரியும் இடமென அவன் குறிப்பது கொடும்பாளூர்ப் பக்கத்தையே என்பது அறிஞர் பலரின் கருத்து. அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசலிலோ, சமணத் துறவியரின் கற்படுக்கையும் கி.மு. முதல் நூற்றாண்டளவினதான தமிழ் பிராமி எழுத்தும் இன்றும் நிற்கின்றன. ஆகவே, சிலப்பதிகாரம் நம் பிள்ளைகளுக்கு ஏட்டுக் கதை மட்டுமன்று. நம் மண்ணை மிதித்துச் சென்றோரின் கதை.

அக்காப்பியத்தைப் பயிற்றுவிக்கும்போது மாணவர் தவறாது எழுப்பும் வினா ஒன்றுண்டு: “எல்லாம் முன்பே விதித்ததென்றால் பாண்டியன் மீது என்ன குற்றம்?” ஊழ்வினை தன் பயனை ஊட்டியே தீரும் என்று ஒரு வரியில் விடை எழுதச் சொல்லி இவ்வினாவை அடைத்து விடுகிறோம். இது பிள்ளைகளின் அறிவுக்கும் அறவுணர்வுக்கும் நாம் செய்யும் தீங்காகும்.

இதற்கு மாற்றாக நாம் ஓர் எளிய வழியைக் கூறுவோம். நூலில் வரும் முன்னறிவிப்புகளை மாணவர் வரிசைப்படுத்தட்டும். ஒவ்வொன்றின் எதிரிலும், யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எப்போது சொன்னார், கேட்டவர் என்ன செய்தார் என நான்கு கட்டங்களை நிரப்பட்டும்.

கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்தியிடம் கூறுகிறாள். நீராடிக் காமவேள் கோட்டம் தொழுமாறு தோழி சொல்ல, அது பெருமையன்று என மறுக்கிறாள். கோவலன் தன் கனவை மாடலனிடம் உரைக்கிறான்; பொழுது சாயுமுன் நகருக்குள் செல்லுமாறு அவனுக்கு அறிவுரை கிடைக்கிறது. சிலம்பு விற்கச் செல்லும் வழியில் ஏறு ஒன்று எதிர்த்துப் பாய வருகிறது. அதைத் தீநிமித்தமென அறியும் வழக்கம் அவன் குலத்தில் இல்லை. ஆய்ச்சியர் சேரியில் பால் உறையவில்லை. குரவைக் கூத்து நிகழ்கிறது. கோப்பெருந்தேவி செங்கோல் சாயக் கனாக் கண்டு மன்னனிடம் ஓடுகிறாள். அதற்குள் கோவலன் கொலையுண்டு கிடக்கிறான்.

கட்டங்கள் நிறைந்ததும் ஓர் உண்மை புலப்படும். அறிகுறிகள் பல வந்தன. ஆனால் நடந்ததை மாற்றும் செயலாக அவற்றுள் ஒன்றேனும் முதிரவில்லை. ஆடித் திங்களில் மதுரை எரியும் என்ற உரையையும், முற்பிறப்பில் கோவலனால் கணவனை இழந்த நீலியின் சாபத்தையும் மதுராபதித் தெய்வம் வெளியிடுவதோ தீ மூண்ட பின்னரே. தீர்ப்பளித்த வேளையில் பாண்டியன் அவ்வுரையை எண்ணவில்லை. ஆராயாது ஆணையிட்டது அவன் செயல். குற்றத்தை உணர்ந்தபோதும் அவன் விதியின் மீது பழி போடாமல் தன்னையே பழித்து உயிர் துறந்தான். அரசியலில் பிழைத்தோரை அறமே கூற்றாகி வருத்தும் என்பதை ஊழுக்கு இணையான உண்மையாக நூல் வைத்திருப்பதை மாணவர் மறவாதிருக்கட்டும்.

நூலின் இறுதியில் மற்றொரு முன்னறிவிப்பும் உண்டு. அரசு வீற்றிருக்கும் பொறி இளங்கோவுக்கே உண்டென்று நிமித்திகன் ஒருவன் அவையில் உரைக்கிறான். தமையன் செங்குட்டுவனின் மனவருத்தம் நீங்க, இளங்கோ குணவாயிற் கோட்டத்தில் துறவு பூணுகிறார். சோதிடன் சொல் அங்கே பொய்த்தது. மனிதன் தேர்ந்த அறம் வென்றது. ஊழைப் பாடிய காப்பியத்தின் ஆசிரியராகவே இவர் சொல்லப்படுகிறார் என்பதை மாணவரே கண்டறியும்போது அவர்கள் அடையும் வியப்பு பெரிது.

மதுராபதியின் உரை வரலாற்றாய்வாளரையும் இழுத்திருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1892-இல் நூலைப் பதிப்பித்த பின், அவ்வுரையில் வரும் மாதம், பக்கம், திதி, கிழமை ஆகியவற்றைக் கொண்டு எல்.டி.சாமிக்கண்ணுப் பிள்ளை கணக்கிட்டு, கி.பி. 756 என்ற ஆண்டைச் சுட்டினார். கயவாகு மன்னனைச் சான்றாகக் கொண்டோர் இரண்டாம் நூற்றாண்டு என்றனர். ஒரே முன்னறிவிப்பு ஒருவருக்குச் சாபம். மற்றொருவருக்குப் பஞ்சாங்கக் குறிப்பு!

அரபு இலக்கியத்திலும் இதற்கு ஒப்பான முயற்சி உண்டு. கிரேக்கரின் ஈடிபசு அவலக் கதையை எகிப்திய எழுத்தாளர் தவ்ஃபீக்குல் ஹகீம் 1949-இல் நாடகமாக்கினார். தந்தையைக் கொல்வான் என்ற குறியைத் தெய்வ வாக்காக அவர் கொள்ளவில்லை. அரச மரபை மாற்ற விரும்பிய குறிசொல்லியின் சூழ்ச்சியாக்கிவிட்டார். முன்னறிவிப்பைக் கேட்டதும், இதனால் பயனடைபவர் யார் என வினவ அவர் நமக்குக் கற்பிக்கிறார்.

குறி கேட்டலை மார்க்கம் விலக்கியிருக்க, இக்கதைகளைப் பிள்ளைகள் படிக்கலாமா எனப் பெற்றோர் சிலர் ஐயுறுவர். படிப்பது வேறு; நம்புவது வேறு. நபி யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னனின் கனவுக்கு விளக்கம் கூறியதோடு நிற்கவில்லை. ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கும் வழியையும் கூறினார்கள். அதனால் பஞ்சத்தில் மக்கள் பிழைத்தனர். சிரியாவில் கொள்ளைநோய் பரவியதறிந்து திரும்பிய கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம், இறைவன் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக அவர்கள் விடையிறுத்தார்கள். விதியை நம்புவோர் செயலைக் கைவிடுவதில்லை என்பதற்கு இவற்றினும் சான்று வேண்டுமோ?

எனவே, வகுப்பறையை மன்றமாக்குவோம். ஒரு மாணவன் பாண்டியனாகவும், ஒருவன் பொற்கொல்லனாகவும், ஒருத்தி கண்ணகியாகவும் நிற்கட்டும். ஏனையோர் நீதிபதிகளாய் அமர்ந்து, எந்த வேளையில் எவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அக்கொலை நிகழ்ந்திராது என ஆராயட்டும். அவ்வாறு ஆராய்ந்து பழகிய பிள்ளை, நாளை ஒருவர் மீது பழி சுமத்தப்படும்போது சான்று கேளாது தலையசைக்க மாட்டான். சிலம்பைப் படித்ததன் பயன் அதுவே என்போம்.