வில்லியம் குக்வொர்தி

வில்லியம் குக்வொர்தி (1705 – 1780) இங்கிலாந்தில் முதன்முதலாகக் கடின வகைப் பீங்கானைச் செய்து காட்டிய மருந்து வணிகர் ஆவார். டெவன் மாவட்டத்தின் கிங்ஸ்பிரிட்ஜ் ஊரில் நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தை இறந்தார். எஞ்சிய சேமிப்பும் 1720இல் தென்கடல் கம்பெனிப் பங்குகளின் சரிவில் கரைந்தது. இலண்டனில் சில்வானஸ் பெவன் என்ற மருந்து வணிகர் தொழில் பழக இடம் தந்தபோது, வண்டிக்குப் பணமின்றி அவர் நடந்தே சென்றதாகச் சொல்வர். பின்னர் பிளிமத் நகரில் பெவனுடன் கூட்டாக மருந்துக்கடை தொடங்கினார். 1745இல் மனைவி சாரா இறந்தார். ஐந்து பெண்களை வளர்க்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது.

அக்காலத்தில் செல்சி, போ போன்ற ஆங்கிலத் தொழிற்கூடங்கள் செய்தது மென்வகைப் பீங்கானே. சீனப் பீங்கானின் உறுதி அதற்கு இல்லை. சீனாவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல் எழுதிய கடிதங்கள், அதற்குத் தேவையான இரு பொருள்களை விவரித்தன. ஒன்று, நெருப்பில் உருகாத வெண்களிமண். மற்றொன்று, உருகிப் பிணைக்கும் பாறை. சீனக் குயவர்கள் இவற்றை எலும்பு என்றும் தசை என்றும் கூறினர்.

கார்ன்வால் சுரங்கப் பகுதிகளில் அலைந்த குக்வொர்தி, 1740களின் நடுவில் டிரெகோனிங் குன்றில் அந்த வெண்களிமண்ணை இனங்கண்டார். (நிலத்தடித் தாதுக்களைக் கவைக்குச்சியால் கண்டறியலாம் என்று நம்பியவர் இவர். ஆயினும் களிமண் விஷயத்தில் சோதனையையே நம்பினார்.) கண்டதைப் பண்டமாக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1768இல் காப்புரிமை பெற்றுப் பிளிமத்தில் தொழிற்கூடம் நிறுவியபோது அவருக்கு வயது 63. சூளை எளிதில் வசப்படவில்லை. கலங்கள் கோணின, சில புகைபடிந்து நிறம் மங்கின. 1770இல் தொழில் பிரிஸ்டலுக்கு மாறியது. 1774இல் உரிமையை ரிச்சர்டு சாம்பியன் ஏற்றார்.

மறு ஆண்டு சாம்பியன் காப்புரிமையை நீட்டிக்கக் கோரினார். ஜோசையா வெட்ஜ்வுட் கடுமையாக எதிர்த்தார். இயற்கை தந்த மண்ணை ஒருவர் மட்டும் வளைத்துக்கொள்ளலாமா என்பதே வழக்கின் சாரம். வெட்ஜ்வுட்டுக்கும் அந்த மண் தேவைப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது. 1796 வரை நீட்டிப்புத் தந்த நாடாளுமன்றம், ஒளி ஊடுருவாத மட்பாண்டங்களில் அம்மண்ணை எவரும் பயன்படுத்தலாம் என்றது. வழக்குச் செலவு சாம்பியனை நலிவடையச் செய்தது. 1781இல் அவர் உரிமையை ஸ்டாஃபர்ட்ஷயர் குயவர்களுக்கு விற்றார். அதற்கு முந்தைய ஆண்டே குக்வொர்தி பிளிமத்தில் காலமானார்.