திறன்–எடை விகிதம் (கிட் கார்)

காரின் குதிரைத்திறனை அதன் எடையால் வகுத்தால் கிடைப்பது திறன்–எடை விகிதம். டன்னுக்கு இத்தனை குதிரைத்திறன் என்று சொல்வது வழக்கம். பந்தயத் தடத்தில் ஓட்டவென்றே வாங்கும் கிட் கார்களில் (பாகங்களாக வாங்கிப் பூட்டிக்கொள்பவை) இதற்குத் தனி மதிப்பு உண்டு. இவ்வகைக்கு முன்னோடி, காலின் சாப்மன் 1957இல் இங்கிலாந்தில் வெளியிட்ட லோட்டஸ் செவன். பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அன்றைய கொள்முதல் வரி கிடையாது. 1973 முதல் கேட்டர்ஹாம் நிறுவனம் இதைத் தயாரிக்கிறது.

அதன் 620ஆர் வகையில் சூப்பர்சார்ஜர் பொருத்திய 2 லிட்டர் எஞ்சின் 310 குதிரைத்திறன் தருகிறது. எடை சுமார் 545 கிலோ. டன்னுக்கு 568! ஆனால் இந்த விளம்பரக் கணக்கில் ஓட்டுநர் இல்லை. 80 கிலோ ஆள் ஏறி உட்கார்ந்ததும் அது 496 ஆக இறங்கிவிடும்; கிட்டத்தட்ட 13 சதவீத இழப்பு. 1,500 கிலோ செடானில் அதே ஆளால் குறைவது ஐந்து சதவீதமே.

விகிதம் முடுக்கத்தைக் காட்டும், உச்ச வேகத்தை அல்ல. வெளியே துருத்திய சக்கரங்களும் நிமிர்ந்த முன்கண்ணாடியும் காற்றோடு மல்லுக்கட்டுவதால், நீண்ட நேர்ப்பாதையில் செவன் திணறும். வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் கைகொடுப்பது எடைக்குறைவுதான். 660 சிசி சுசூகி எஞ்சினுடன் வந்த செவன் 170ஆர் வகையின் எடை சுமார் 440 கிலோதான்.