கெடு தாண்டிய கட்டுகள்

சென்ற வாரம் பேத்தி கணினி வலைப்பின்னல் பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பாக்கெட்டின் முன்னுரிமை, பாக்கெட்டின் ஆயுள் என்று காதில் விழுந்ததும் ஈஸிசேரை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இதெல்லாம் நம் செக்‌ஷன் சமாச்சாரம் ஆயிற்றே!

செய்தியைச் சிறு பொட்டலங்களாக்கி, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதித் தனித்தனியாக அனுப்பும் முறையை 1970-களில் பிரான்சில் நடத்திக் காட்டியவர் லூயி பூஸான். அவருடைய 'சிக்லாட்' திட்டத்தில் பொட்டலம் சுமக்கும் பகுதிக்கு 'சிகால்' என்று பெயர். அதாவது சிள்வண்டு. என்னைப் போலப் பிரெஞ்சுப் பள்ளியில் லா ஃபோந்தேனை ஒப்பித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். பூஸானின் கருத்து அமெரிக்கர்களுக்கும் உதவியது.

1981-இல் வெளியான இன்டர்நெட் விதிமுறையில் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் இந்த இரண்டுக்கும் இடம் ஒதுக்கினார்கள். முன்னுரிமைக்கு, ராணுவச் செய்திகளில் உள்ளது போல, 'ரொட்டீன்' தொடங்கி 8 படிகள். ஆயுள் அதிகபட்சம் 255 வினாடி. வழியிலுள்ள ஒவ்வொரு நிலையமும் அதில் குறைந்தது ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பொட்டலத்தை எறிந்துவிடும். வழி தவறியது முடிவில்லாமல் சுற்றக் கூடாதல்லவா?

நிலையத்தில் கூட்டம் சேர்ந்தால், காத்திருக்க நினைவகத்தில் இடத்தைப் பெருக்கினால் போதும் என்றுதான் நமக்குத் தோன்றும். 1985-இல் ஜான் நேகிள் அதை மறுத்தார். இடம் எல்லையற்றதாக இருந்தாலும், வரவு மிஞ்சினால் வரிசை நீண்டுகொண்டே போகும். காத்திருக்கும் நேரம் ஆயுளைத் தாண்டிவிட்டால், முன்னால் வந்து சேரும் ஒவ்வொரு பொட்டலமும் கெடு முடிந்ததாகவே இருக்கும். நிலையம் ஓயாமல் வேலை செய்யும், ஒன்றும் போய்ச் சேராது! அனுப்புபவர் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து, முறைவைத்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார் அவர்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு ஃபைல் நினைவுக்கு வந்தது. ஓய்வுபெற்ற ஒருவரின் வைத்திய முன்பண மனு. சிவப்புச் சீட்டு ஒட்டித்தான் வந்தது. ஆனால் அப்போது எங்கள் தட்டில் பாதிக்கு மேல் சிவப்புச் சீட்டுதான். எல்லாமே அவசரம் என்றால் எதுவும் அவசரமில்லை. வந்த வரிசைப்படியே பார்த்தோம். லஞ்சம் இல்லை, சோம்பலும் இல்லை, மாலை ஏழு வரை உட்கார்ந்தோம். உத்தரவு கையெழுத்தானபோது அவர் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. 'மனுதாரர் காலமானதால் முடிக்கப்படுகிறது' என்று என் கையால்தான் எழுதினேன்.

2012-இல் கேத்லீன் நிக்கோல்சும் வான் ஜேக்கப்சனும் இன்னொரு வழி சொன்னார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காதே, பொட்டலம் எவ்வளவு நேரம் காத்தது என்று பார். காத்திருப்பு 5 மில்லி வினாடிக்குக் குறையாமல் 100 மில்லி வினாடி நீடித்தால், சிலவற்றை எறியத் தொடங்கு. அனுப்புபவர் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைப்பார்.

மனிதர் மனுவை எறிய முடியாதுதான். ஆனால் தட்டில் எத்தனை ஃபைல் என்று மாதாமாதம் கணக்கு எழுதிய நாங்கள், அடியில் கிடப்பது எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று ஒரு பத்தி போட்டிருக்கலாம். உங்கள் செக்‌ஷனில் போட்டீர்களா, நண்பர்களே?