மயிற்பொறியில் தொடங்கிய தொடர்கதை

கோபர்கைரனேயில் நம் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "ஐயா, பையன் ஹாரி பாட்டர் ஏழு பாகத்தையும் இங்கிலீஷில் முடிச்சிட்டான். தமிழில் அது மாதிரி சாகசத் தொடர் ஏதாவது சொல்லுங்களேன்." நான் முதலில் சொல்வது சீவக சிந்தாமணி. கேட்டவர்கள் சிரித்துவிடுவார்கள். ஐம்பெருங்காப்பியத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்கா என்பார்கள். மூட்டையைப் பிரிக்காமலே மிளகாய்க்கு விலை பேசுகிற கதைதான்!

பிரித்துப் பார்ப்போம். பத்தாம் நூற்றாண்டை ஒட்டி, சமண முனிவர் திருத்தக்கதேவர் இயற்றியது. பதின்மூன்று இலம்பகங்கள், இன்றைய பேச்சில் பதின்மூன்று பாகம். முதல் பாகத்திலேயே பறக்கும் இயந்திரம் வந்துவிடுகிறது. அமைச்சன் கட்டியங்காரன் சூழ்ச்சியால் ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன் வீழ்கிறான். நிறைசூலியான அரசி விசயை, மயில் வடிவில் செய்த பொறியில் ஏறித் தப்புகிறாள். வலப்பக்கம் திருகினால் மேலே போகும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். மூன்றாம் இலம்பகத்தில் சீதத்தன் என்னும் வணிகனின் கப்பல் கடலில் மூழ்கியதாக மாயம் காட்டி, அவனை வெள்ளிமலைக்கு அழைத்துப் போகிறான் ஒரு வித்தியாதரன். அடிபட்டுச் சாகும் நாயின் காதில் சீவகன் மந்திரம் ஓத, அது சுதஞ்சணன் என்ற இயக்கனாகப் பிறந்து வந்து உதவுகிறது. நினைத்த உருவம் எடுக்கவும், பாம்பின் நஞ்சை இறக்கவும், இனிய குரல் பெறவும் மூன்று மந்திரங்களைச் சீவகனுக்குக் கற்றுத் தருகிறது. பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்நூலுக்கு மணநூல் என்றும் பெயர் உண்டு. எட்டுக் கல்யாணத்தையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதில்லை. நான் இரண்டோடு நிறுத்திக் கொள்கிறேன்.

"எல்லாம் சரி, எங்க பிள்ளைக்குத் தமிழ் படிக்க வராதே" என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் சரித்திரம் கைகொடுக்கிறது. 1880க்குப் பின் கும்பகோணத்தில் உ.வே. சாமிநாதையர் சிந்தாமணிச் சுவடிகளோடு போராடியபோது, பொருள் விளங்காத இடங்களுக்கு அவ்வூர்ச் சமணர்களைத்தான் நாடிப் போனார். அவர்கள் வீடுகளில் அந்நூல் வழிவழியாக ஓதப்பட்டு வந்தது. ஒருவர் படித்துப் பொருள் சொல்ல, மற்றவர்கள் கூடிக் கேட்பார்கள். மாதக்கணக்கில் நடக்கும் காரியம் அது. படித்து முடித்த அன்று வீட்டில் விழாக் கொண்டாடுவதும் உண்டு. ஐயர் பதிப்பு வெளிவந்தது 1887இல். அதற்கு முன் ஏட்டைத் தாமே படித்தவர்கள் வெகு சிலர், கேட்டவர்களே பலர். ஆகவே எழுத்துத் தெரியாத பிள்ளை இக்கதைக்குப் புதியவனல்லன், பழைய வாடிக்கைதான்.

எங்கள் தலைமுறைக்கு அந்த இடத்தை நிரப்பியது அம்புலிமாமா. சென்னையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947இல் தொடங்கிய இதழ். வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊருக்கு வரும் ஒரு பிரதி பத்து வீடு சுற்றும். வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமனை ஓவியர் சங்கர் வரைந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த வேதாளக் கதைகள் சோமதேவரின் கதாசரித்சாகரத்தில் இருப்பவை. அதற்கு மூலம் குணாட்டியரின் பிருகத்கதை. அதே பிருகத்கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்த கொங்குவேளிரும் சமணரே, நூல் பெருங்கதை. உதயணனைச் சிறைபிடிக்க வரும் பொய்யானை அதில்தான் வருகிறது. ஆக வேதாளமும் பொய்யானையும் ஒருவகையில் பங்காளிகள்! பழைய கதைகள் இருபத்தைந்துதான். தீர்ந்த பிறகும் இதழில் மாதாமாதம் புதிதாக எழுதிக்கொண்டே போனார்கள், நாங்களும் விடாமல் படித்தோம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தபோது பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்விட்டோம், அது வேறு விஷயம். அம்புலிமாமா 2010களின் தொடக்கத்தில் நின்றே போயிற்று.

என் பேரனுக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. கடை மூடி வந்து, சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் சிந்தாமணியை என் வார்த்தையில் சொல்கிறேன். செய்யுள் வேண்டாம், பெயர்களை மட்டும் மாற்றாமல் சொல்வேன். முதல் நாள் அவன் கேட்டது, "தாத்தா, அந்த மயிலுக்கு சார்ஜ் எங்கே போடுவாங்க?" முறுக்காணி என்று விளக்கினேன். மயில் சுடுகாட்டில் இறங்கி, அரசிக்குப் பிள்ளை பிறக்கும் இடத்தில் வேண்டுமென்றே நிறுத்திவிட்டேன். மறுநாள் காலை ஸ்கூல் வேன் கீழே ஹாரன் அடிக்கிறது. ஒரு காலில் ஷூவோடு நின்றுகொண்டு, "பாப்பாவை யாரு எடுத்துக்கிட்டாங்க, சொல்லு" என்கிறான்.

"ஒரு வியாபாரி வருவார். இராத்திரி சொல்றேன், போ" என்றேன்.