அணாவாரியும் குண்டூர் நாட்டுச் சாமையும்

வேலையில் இருந்த நாட்களில், சாமை அறுவடைச் சோதனைக்காகக் கொல்லிமலை குண்டூர் நாட்டுக்குப் போயிருந்தேன். எண் அட்டவணைப்படி தேர்வான காட்டில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே விளைந்ததை அறுத்து, அடித்து, எடை போடுவோம். ஆறு காடுகளின் எடையைக் கூட்டி ஆறால் வகுத்தேன். பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், "சார், இந்த அளவு எங்க பக்கம் எந்தக் காட்டுலயும் விளையலையே?" என்றார்.

நியாயமான கேள்வி. அதற்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது.

வெள்ளைக்காரர் காலத்தில் வருஷா வருஷம் எடை போட்டுப் பார்ப்பது பொது வழக்கமாக இல்லை. கிராம அதிகாரிகள் கண்ணால் பார்த்து, இந்த வருஷம் பத்தணா வெள்ளாமை என்று எழுதுவார்கள். அதுதான் அணாவாரி. சாதாரண விளைச்சல் சில மாகாணங்களில் 16 அணா, சிலவற்றில் 12 அணா! அந்தச் 'சாதாரணம்' வழக்கமாகக் கண்ணில் படும் விளைச்சல்தான். புள்ளியியலில் முகடு என்போமே, ஏறக்குறைய அது. ஆனால் யாருடைய கண் என்பதுதான் சிக்கல். நிலவரித் தள்ளுபடி அந்த அணாவில் தொங்கியது.

1920களில் பீகார்-ஒரிசாவில் ஹப்பக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, நெல் வயல்களில் குருட்டாம்போக்காக இடம் தேர்ந்து அறுத்து எடை பார்த்தார். பிறகு வங்காளத்துச் சணலுக்கு மகலனோபிஸ், மற்ற மாகாணங்களின் நெல், கோதுமைக்கு சுகாத்மே. எவ்வளவு பெரிய துண்டை அறுப்பது என்று இருவருக்கும் பெரிய சண்டை. துண்டு சிறிதானால் ஓரத்துச் செடிகளும் உள்ளே வந்து விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்பது சுகாத்மே கட்சி. (பலமுறை கயிறு கட்டியவன் என்ற முறையில் நானும் அந்தக் கட்சி.)

கூட்டுச் சராசரி என்பதில் மட்டும் சண்டை இல்லை. அதைப் பரப்பால் பெருக்கினால் மொத்த விளைச்சல் வரும். இடைநிலையைப் பெருக்கினால் வராது.

பெரியவர் கேட்டது மொத்தத்தை அல்ல. அன்றைய எடைகள் நினைவில் இல்லை, 1.0, 1.1, 1.2, 1.3, 1.4, 3.0 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 1.5, அதாவது ஹெக்டேருக்கு 600 கிலோ. ஐந்து காடுகள் அதற்குக் கீழே! பள்ளத்தில் எரு போட்ட ஒரு காடு எல்லாரையும் தூக்கிவிட்டது. இடைநிலை 1.25, ஹெக்டேருக்கு 500 கிலோ. பயிர்க் காப்பீட்டில் பகுதிச் சராசரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால்தான் இழப்பீடு என்பதால், அந்த நூறு கிலோ விளையாட்டல்ல.

அரசாங்கத்துக்கு மொத்தம் தெரிய வேண்டும், அதற்கு இதுதான் கணக்கு என்றேன். "அப்ப எங்க கணக்கு?" என்றார். எடைகளை வரிசைப்படுத்தி, நடுவில் நின்ற இரண்டையும் காட்டினேன். "இது எங்க காடு" என்றார் உடனே.

பதிவேட்டில் சராசரியைத்தான் எழுதினேன்.