மட்டக்களப்பில் வீடும் உறுதியும்

ஒரு நாட்டின் சொத்துச் சட்டங்களைப் படிப்போர், அவை எவருடைய கையில் நிலத்தை நிறுத்தின, எவருடைய கையிலிருந்து அதனைப் பிரித்தன என்ற வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும். சட்டம் வானத்திலிருந்து இறங்கியதன்று. ஆண்டவர்களின் தேவைக்கேற்ப ஆக்கப்பட்டது. இவ்வுண்மையை விளக்குதற்கு மட்டக்களப்பு வாவிக் கரைகளின் வீட்டுரிமை வரலாறு தக்கதொரு சான்றாகும்.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு மணம் பேசும்போது வீடும் வளவும் கொடுப்பது பெற்றோரின் தலையாய கடமை. மணமகன் மனைவியின் வீட்டிற்கே வந்து குடியேறுகின்றான். தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் இவ்வழக்கம் ஒருங்கே நிலவுகின்றது. ஆயின் வழக்கம் ஒன்றாகவும் சட்டம் வேறொன்றாகவும் இருக்கின்றன. வீடு வாங்கும்போதும் விற்கும்போதும் ஈடு வைக்கும்போதும் நம் மக்களுக்கு எழுகின்ற ஐயங்களுட் பல இந்தப் பிளவிலிருந்தே தோன்றுகின்றன. அப்பிளவு எவ்வாறு உண்டாயிற்று என்பதை நாம் அறிதல் வேண்டும்.

முன்னாளில் மட்டக்களப்பில் முக்குவர் சட்டம் எனப்பட்ட வழமை நிலவியது. குடி தாய்வழியாக வந்தது. ஒருவனுடைய முதுசச் சொத்து அவன் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாமல் அவனுடைய சகோதரியின் பிள்ளைகளைச் சேர்ந்தது. இதனைப் பெண்ணாட்சி என்று போற்றுவது பொருந்தாது. சொத்தின் வழி பெண்ணாயினும், அதனை நடத்தியவன் தாய்மாமன். போடியாரின் வயலில் உழைத்த முல்லைக்காரனுக்கும் அவன் மனைவிக்கும் இவ்வழமை நிலம் எதனையும் தரவில்லை. எனினும், தாயின் சொத்து மகளின் வழியிலே நிற்கும் என்ற உறுதிப்பாடு அதில் இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலம் விலைப்பொருளாயிற்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி விற்பனையும் ஈடும் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது என்றது. வாய்ச்சொல்லுக்கும் ஊரார் சாட்சிக்கும் இருந்த மதிப்பு அன்றோடு குறைந்தது. அதே ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று கொண்டது. எழுத்தறிந்தவனுக்கும் பணம் படைத்தவனுக்கும் இவை வாய்ப்பாயின.

1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ முக்குவர் சட்டத்தை ஆங்கிலத்தில் நூலாக்கி வெளியிட்டார். அவ்வாண்டிலேயே 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள் மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் வந்தது. வழமை நூலேறிய ஆண்டே அது வழக்கிழந்த ஆண்டுமாயிற்று. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் தொகுத்திருந்தனர். ஆங்கிலேயர் 1806இல் அதனை ஏற்றனர். ஆதலின் புதிய சட்டம் அதனை விலக்கி வைத்தது. கண்டியச் சட்டத்திற்கும் முஸ்லிம்களுக்கும் விலக்குக் கிடைத்தது. மட்டக்களப்புத் தமிழருக்கு அவ்விலக்கு இல்லை. அவர்கள் பொதுச் சட்டத்தின் கீழ் வந்தனர்.

அதன் விளைவு யாது? விருப்பாவணம் எழுதாமல் ஒருவர் இறப்பின், சொத்திற் பாதி உயிரோடிருக்கும் கணவனுக்கு அல்லது மனைவிக்கு. மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. தாய் மகளுக்கென்று கொடுத்த வீடாயினும், மகள் இறந்துவிட்டால் அதிற் பாதி மருமகனைச் சேரும். அவன் மறுமணஞ் செய்து தன் பாதியை விற்க முற்பட்டால் பேரப்பிள்ளைகளால் அதனைத் தடுக்க இயலாது. ஆதலின் மரணத்தின்பின் வரும் உரிமையை நம்பாது, மணத்தின்போதே மகளுக்குச் சீதன உறுதி எழுதும் வழக்கம் இக்கரைகளில் வேரூன்றியது. தாய் தன் சீவிய உருத்தை ஒதுக்கிக்கொண்டு மகளுக்கு எழுதுவதும் உண்டு. அவ்வீட்டை வாங்க விழைபவர் அச்சீவிய உருத்து இன்னும் உள்ளதா என்று நோக்குதல் வேண்டும். தாய் உயிரோடிருப்பின், அவரும் ஒப்பமிட்டாலன்றி வாங்கியவருக்கு முழு உரிமை கிட்டாது.

கணவனின் ஒப்பம் வேண்டுமா என்பது அடுத்த வினா. 1876இன் சட்டம் மனைவியின் காணியை அவளுடைய தனிச் சொத்தாக ஏற்ற போதிலும், கணவனின் எழுத்துச் சம்மதமின்றி அவள் அதனை விற்கவோ ஈடு வைக்கவோ விடவில்லை. அத்தளையை 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டம் அறுத்தது. பொதுச் சட்டத்தின் கீழுள்ள மட்டக்களப்புப் பெண் தன் வீட்டைத் தானே விற்கலாம். ஆயின் தேசவழமைக்குட்பட்ட ஆடவனை மணந்த பெண், மணவாழ்வுக் காலத்தில் அவ்வழமைக்குட்பட்டவளாகின்றாள். அவளுக்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் தேவை. யாழ்ப்பாணத்து ஆசிரியரை மணந்த மட்டக்களப்பு ஆசிரியை தன் சீதன வீட்டை விற்கப் புகும்போது இதனை மறத்தலாகாது.

இனி ஈட்டின் கதையைப் பார்ப்போம். ஈடு வைத்தவர் கடனைத் தீர்க்கத் தவறினால் வீடு தானாகவே கடன் கொடுத்தவருக்கு ஆகிவிடும் என்று எழுதும் நிபந்தனையை நம் உரோம டச்சுச் சட்டம் ஏற்பதில்லை. 1949ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ஈட்டுச் சட்டத்தின்படி அவர் வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெற்று விற்பித்தல் வேண்டும். இக்காப்பைக் கடப்பதற்கு வட்டிக்குக் கொடுப்போர் ஒரு வழி கண்டனர். ஈடு எழுதாமல் அறுதி எழுதுவிப்பர். குறித்த தவணைக்குள் பணத்தைக் கட்டினால் வீட்டைத் திருப்பி எழுதித் தருவதாக அதிலேயே ஒரு நிபந்தனை சேர்ப்பர். எழுதிக் கொடுக்கும் ஏழை அதனை ஈடென்றே எண்ணுகின்றான். தவணை கடந்ததும் வீடு கைமாறிவிட்டதை அறிந்து திகைக்கின்றான்.

இதற்கும் பரிகாரம் உண்டு. வீட்டின் பயனுரிமையைக் கைவிடும் எண்ணம் எழுதியவருக்கு இருக்கவில்லை என்று சூழ்நிலைகள் காட்டுமாயின், வாங்கியவர் அதனை நம்பிக்கைப் பொறுப்பாகவே வைத்திருக்கின்றார் என்று 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு கூறுகின்றது. பெறுமதியினும் மிகக் குறைந்த விலை, எழுதிக் கொடுத்தவரே தொடர்ந்து குடியிருத்தல், மாதந்தோறும் வட்டி கட்டியமை ஆகியன நீதிமன்றம் நோக்கும் சூழ்நிலைகள். ஆயின் வழக்காடுவதற்குப் பணமும் ஆண்டுகளும் வேண்டும். ஒப்பமிடுமுன் உறுதியின் தலைப்பில் ஈடென்று உள்ளதா அறுதியென்று உள்ளதா என்று படிப்பது எளிது.

வங்கியில் ஈடு வைப்போர் பிறிதொன்றை அறிதல் வேண்டும். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு வழக்கின்றியே வீட்டை ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை அளித்தது. பராட்டே என்று மக்கள் அறிந்தது இதுவே. மேலும், ஓரிடத்துக் கடனைத் தீர்த்து வேறோரிடத்தில் மறு ஈடு வைக்கும்போது, பழைய ஈட்டின் மீட்பைக் காணிப் பதிவகத்திற் பதிதல் இன்றியமையாதது. பணம் கட்டித் தீர்ந்தும் மீட்பு பதியப்படாவிடின், ஏட்டில் வீடு இன்னும் ஈட்டிலேயே கிடக்கும். வாங்குவோரும் பதிவில் தாமதித்தலாகாது. முன்னெழுதிய உறுதி பதியப்படாது கிடக்க, பின்னெழுதிய உறுதி உரிய விலைக்குப் பெறப்பட்டுப் பதியப்பட்டால், மோசடி காட்டப்பட்டாலன்றிப் பின்னதே முந்தும்.

இதுகாறும் சொன்னவை உறுதிக் காணிக்குரியவை. அரசு அனுமதிப்பத்திரத்தில் வாழும் உழவரோ 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திற்கு உட்பட்டவர்கள். அனுமதிப்பத்திரக் காணியை விற்க இயலாது. அளிப்புப் பெற்ற காணியையும் பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதமின்றிக் கைமாற்றினால் அது செல்லாது. ஏழை உழவனுக்கு நிலத்தைக் காத்துக் கொடுத்த நல்ல நோக்கம் இச்சட்டத்திற்கு உண்டு. எனினும், பின்னுரித்தாளர் பெயரிடப்படாதவிடத்து அதன் மூன்றாம் அட்டவணை மகளை விலக்கி மகனை முன்வைத்தது. பெண்ணுக்கே வீடென்று வாழ்ந்த மண்ணில் இது எத்துணை முரண்! 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே இவ்வேறுபாட்டை நீக்கியது. இடையிற் சென்றவை 87 ஆண்டுகள்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நாவலடி முதலிய கரையோர ஊர்களை அழித்தபோது இம்முரண் வெளிப்பட்டது. 2005இல் அரசு கிழக்குக் கரையில் 200 மீற்றர் வரை வீடு கட்டுவதைத் தடுத்தது. நாவலடி மக்களுக்குத் திராய்மடுவில் வீடுகள் எழுந்தன. அழிந்தவற்றுட் பல பெண்களின் சீதன வீடுகள். புதியவற்றை வழங்கும்போதோ, குடும்பத் தலைவர் யார் என்று படிவம் கேட்டது. அவ்விடத்தில் ஆண்களின் பெயர் எழுதப்பட்டது. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பின. கடல் வீட்டைத்தான் கொண்டுபோயிற்று. உரிமையைக் கொண்டுபோனது படிவத்தின் ஒரு கட்டம்.

பழைய வழமைக்கு மீள்வோம் என்று நாம் கூறவில்லை. தாய்மாமனின் அதிகாரமும் போடியாரின் ஆதிக்கமும் மீளவேண்டியவை அல்ல. சீதனம் என்ற சுமை ஏழைப் பெற்றோரை வருத்துவதையும் நாம் அறிவோம். நாம் வேண்டுவது, பெண் வாழும் வீட்டின் உறுதியில் பெண்ணின் பெயர் நிற்றல் வேண்டும் என்பதே. அதற்குச் சட்டத் திருத்தம் மட்டும் போதாது. எழுத்தை வாசிக்கும் பழக்கமும் வேண்டும். நம் பள்ளிகளில் சங்கப் பாடலுக்குப் பதவுரை சொல்லக் கற்ற மாணவி, தன் தாயின் உறுதியைக் கையிலெடுத்து, எழுதியவர் யார், பெறுபவர் யார், எல்லைகள் எவை, ஒதுக்கிய உருத்து யாது என்று சொல்லவும் கற்றல் வேண்டும். ஆசிரியராகிய நாம் அதனைக் கற்பிக்கத் தொடங்குவோமாக.